கலீல் ரஹ்மான் அடுக்களைச் சிலந்தியின் மீது படையெடுத்த வரலாறு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் என்னிடம் கண்ணாடித் தம்ளர் ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் எப்போதும்போல் நடந்த காரியங்களில் அதுதான் கடைசி. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் மாலை அசர் தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் தம்ளருக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவே ஒரு மாபெரும் யுத்தம் நடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவருடைய நாணயத்தைச் சொன்னார்கள், பொறுமையைச் சொன்னார்கள். யுத்தத்தை ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன், அதற்குரிய நடையில். ஒன்றை மட்டும் பொறுத்தருள வேண்டும். காவியத் தலைவனை 'அவன்' என்றுதான் பாட வேண்டும். வீட்டில் ஒருநாளும் நான் அப்படிச் சொன்னதில்லை.

வாழ்க கலீல் ரஹ்மான்! கம்பம் கடைவீதியில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மலையெனச் சாய்ந்து மணமெனப் பரந்திருந்தோன். ஓர் ஏலக்காயை இருவிரலிடை உருட்டி முகர்ந்த மாத்திரத்தில் அது எந்த மலையின் எந்தச் சரிவில் எந்த மழைக்குப் பின் பறித்தது என்று உரைக்கும் கூர்மூக்கன். சுருளிப்பட்டிச் சாலையோரம் பன்னீர்த் திராட்சைப் பந்தலுடைய பசுநிழற்கோமான். குமுளி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் எதிர்வந்த லாரிக்கும் வழிவிடாத வன்னெஞ்சன். தலைமுடி தன்னைத் துறந்தபோதும் தாடியைத் தான் துறவாத தகைமையாளன். தோட்டத்துக்குள் யானை இறங்கியிருக்கிறது என்று ஊரே கதவைச் சாத்திய இரவில் டார்ச் விளக்கோடு தனியே போனவன். தேளுக்குச் சிரித்தவன், பாம்புக்கு ஒதுங்காதவன். எட்டுக்கால் பூச்சி ஒன்றைத் தவிர இவ்வுலகில் வேறெதற்கும் அஞ்சாதவன்.

கம்பத்துக் காற்றே, துணை நில்! ஆடி மாதத்தில் கூரைத் தகரங்களை உத்தமபாளையம் வரைக்கும் கொண்டுபோகும் உன் பெருமூச்சில் ஒரு சிறு பங்கை எனக்குத் தா. என் வாக்கியங்கள் நீளமானவை. நடுவில் மூச்சு வாங்கினால் போரின் விறுவிறுப்புக் கெட்டுவிடும்.

கேளுங்கள். எங்கள் அடுக்களையின் மேற்குச் சுவரில், இலவசமாக வந்த தினசரிக் காலண்டருக்கு ஒரு சாண் மேலே, அந்தக் காலையில் அவள் தோன்றினாள். உள்ளங்கை அகலம், ஊறிய புளியின் நிறம், எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு காலாகக் காவல் வைத்து, நடுவில் உடலைக் கோட்டைபோல் தாழ்த்தி, எட்டு விழிகளாலும் ஏககாலத்தில் என்னையே நோக்கினாள். வாயடியில் வெள்ளை வட்டமாக எதையோ ஏந்தியிருந்தாள். குளியலறை மூலையில் நூல்போன்ற கால்களால் தொங்கி, தொட்டால் ஊஞ்சலாடும் ஒட்டடைக்காரி அல்லள் இவள். சன்னல் கம்பியில் ஈக்குப் பதுங்கி, எட்டிக் குதித்து, நாம் பார்த்தால் தானும் தலையைத் திருப்பிப் பார்க்கும் குட்டிச் சிப்பாயும் அல்லள். வலை பின்னாதவள், வலைக்குக் காத்திராதவள், கரப்பானை ஓடித் துரத்திக் கொல்லும் வேட்டைக்காரி.

அடுக்களையின் பட்டத்தரசி சாபிரா, அதாவது நான், கத்திரிக்காய்க் கூடையை அங்கேயே கைவிட்டு, முக்காடு நழுவ, மூன்று அறைகளை ஒரே பாய்ச்சலில் கடந்து முன்கூடத்தில் நின்றுதான் குரலெழுப்பினேன்.

"என்னாங்க! இங்கன வாங்க! எம்புட்டுத் தண்டி!"

"எது?"

"பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா அதுக்குக் கேக்கும்."

பெயர் சொல்லப்படாத பகைவர் எங்கள் வீட்டில் ஒருவரே என்பதால் தலைவனுக்கு உடனே விளங்கியது. அவன் கையிலிருந்த பிரஷர் மாத்திரை விரலிடுக்கில் நழுவித் தரையில் விழுந்து உருண்டு மறைந்தது. மறுகையிலிருந்த தேநீர் மட்டும் தப்பித்தது. அப்போது பட்டத்தரசி தன் பிரகடனத்தை வெளியிட்டாள்.

"அது வெளிய போனாத்தான் நான் உள்ள போவேன். அது இருக்கிற வரைக்கும் அடுப்புப் பத்தாது. மதினி வாராக. சோறு வேணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

மதினி வாராக! இந்த இரண்டு சொற்களில்தான் அன்றைய உலகம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. மதினி என்பவர் கலீல் ரஹ்மானின் உடன்பிறந்த அக்காள் நசீம் பானு. உத்தமபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். மூன்று ரம்ஜானாக எங்கள் வாசலை மிதிக்காதவர். பெருநாளுக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய பிரியாணிச் சட்டியை மூடி திறக்காமலே திருப்பி அனுப்பியவர். தம்பி வீட்டுக்கு அவர் சாப்பிட வருவதாகச் சொன்ன முதல் நாள் அதுவே. வந்து, உட்கார்ந்து, சோற்றில் கைவைத்தால் பகை தீர்ந்தது. அடுப்புப் பற்றவில்லையென்றால் இன்னும் எத்தனை ரம்ஜானோ, யாரறிவார்!

பகை மூண்ட காரணமும் சிலந்தியே. அதையும் பாடியாக வேண்டும்.

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டம் அவர்களுடைய அத்தா, அதாவது தகப்பனார், விட்டுப்போனது. ஒரே பந்தலின் கிழக்கு அக்காளுக்கு, மேற்குத் தம்பிக்கு; கடைசித் தம்பி தன் பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டவர். நடுவில் ஒரு வரிசைக் கல்தூண்தான் எல்லை. அக்காளுடைய பந்தலோ சிலந்திகளின் மாநகரம். மஞ்சளும் கறுப்புமாய் வரிவரியாய் உடுத்து, வலையின் நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி தைத்து, அக்குறியின் மேலேயே இரண்டிரண்டாகக் கால் சேர்த்துக் கொலுவிருக்கும் வரிக்காரிகள். இலைக்கு இலை பாலமிட்டுப் பனித்துளி கோக்கும் வட்டவலைப் பொற்கொல்லர்கள். வரப்பு வளைக்குள் ரோமப் போர்வை போர்த்துக் கிடந்து அந்தியில் மட்டும் வாசலில் முழங்கால் காட்டும் கருந்தடியர்கள். மேகமலைக் காட்டில் மரத்துக்கு மரம் பொன்னிற வலை கட்டிப் பள்ளத்தாக்கையே அளப்பதுபோல் தொங்கும் பேருருவினரின் ஏழை உறவினர்கள் எனப் பல்வேறு குலத்தார் அங்கே குடியிருந்தனர். கொடியை உறிஞ்ச வந்த தத்துப்பூச்சிகள் அவர்களுக்குக் கப்பம் கட்டின. அக்காளும் காலையில் பந்தலுக்குள் நுழைகையில், வலை அறுபடாமல், தலை குனிந்துதான் நுழைவார்.

மூன்றாண்டுக்கு முன் தம்பியின் மேற்குப் பந்தலில் தத்துப்பூச்சி பெருகியது. அடுத்த வீட்டு ஜெபராஜின் கடையில் மருந்து வாங்கி, வாடகைக்கு விசைத்தெளிப்பான் பிடித்து, வைகறையில் அடித்தான் தம்பி. கம்பத்துக் காற்றே, நான் துணைக்கழைத்த நீயே, அன்று மேற்கிலிருந்து கிழக்காக வீசினாய்! எல்லைக் கல்தூண் உனக்கு எம்மாத்திரம்! மறுநாள் அக்காள் பந்தலுக்குள் நிமிர்ந்தே நடந்தார். முகத்தில் ஒரு நூலும் படவில்லை. தரையில் வரிக்காரிகள் கால்களை உள்ளிழுத்துச் சுருண்டு கிடந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் சிலந்தியைக் கொல்வதில்லை. குகை வாசலில் வலை பின்னி, தேடி வந்த பகைவரிடமிருந்து நபிகள் நாயகத்தைக் காத்த இனம் என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒட்டடை அடிக்கும்போதுகூட, குடியிருப்பவர் வெளியேறக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துத்தான் அடிப்போம். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை செய்த வேலையா இது! எல்லைத் தூணருகே நின்று நசீம் பானு சபதமுரைத்தார்:

"எட்டுக்கால் பூச்சியக் கொன்னவன் வீட்டுல இனி நான் கை நனைக்க மாட்டேன்!"

ஆகவே, நிலைமையைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். சிலந்தி வெளியே போகாவிட்டால் சோறு இல்லை. சோறு இல்லாவிட்டால் அக்காள் இல்லை. சிலந்தி செத்துப்போனாலும் அக்காள் இல்லை. உயிரோடு, ஒரு கால்கூட ஒடியாமல், மதியத்துக்குள் அதை வழியனுப்ப வேண்டும். வழியனுப்ப வேண்டிய வீரனோ, தோட்டத்தில் மஞ்சள் வரிக்காரியைக் கண்டாலே குடையைப் பிடித்துக்கொள்பவன்.

மந்திராலோசனை கூடியது. சத்தம் கேட்டு, ஆலயத்துக்குப் புறப்பட்ட வெள்ளைச் சட்டையோடும் கைப்பையோடும் ஜெபராஜ் உள்ளே வந்தார். பூச்சிமருந்துக் கடையின் அதிபர். புட்டிகளில் அடைத்த மரணத்தை அளவு பார்த்து விற்பவர். எங்கள் வீட்டு நெய்ச்சோற்றுக்கு மட்டும் மனமிளகுபவர். அடுக்களை வாசலிலிருந்து பகைப்படையை நோட்டம் விட்டுத் தன் கருத்தைச் சொன்னார்.

"பாய், கடையத் தொறந்து ஒரு சின்ன பாட்டில் கொண்டாரேன். ஒரே பீச்சு. காலத் தூக்கிரும்."

"அக்கா காதுக்குப் போச்சுன்னா நான் காலத் தூக்கிருவேன்."

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க சங்கதியில வர்றது வல பின்னுன பூச்சி. இது வலையே பின்னாது. செவுத்துல சும்மா ஓடித் திரியிற கழுத. அப்ப இதுக்கு அந்தச் சலுக கெடையாதுல்ல?"

அவை அதிர்ந்தது. நுட்பமான வாதம். எங்கள் மகள் முபீனா, தேனிக் கல்லூரியில் படிப்பவள், அன்றைய போருக்குக் கட்டியக்காரி, "அங்கிள் சொல்றதுலயும் பாயிண்டு இருக்கு அத்தா" என்றாள். தலைவன் கண்களை மூடினான். தாடியை நீவினான். பிறகு தீர்ப்புப் பிறந்தது:

"எங்க அத்தா ஏலக்கா யாவாரி. நானும் ஏலக்கா யாவாரி. என் தம்பி தாலுகா ஆபீசுல குமாஸ்தா. அவன் ஏலக்கா விக்கலங்கிறதுக்காக எங்க அத்தா பிள்ள இல்லைன்னு சொல்லுவீகளா ஜெபராசு?"

வலை பின்னாத குலத்தாரும் அன்று முதல் எங்கள் வீட்டில் அடைக்கலம் பெற்றனர்.

அடுத்து, தலைவன் போர்க்கோலம் பூண்டான். சிரசில் இருசக்கர வண்டியின் தலைக்கவசம், முகத்திரை இறக்கி. உடலில் வெயில் காயும் பகலில் மழைக்கோட்டு, கழுத்துவரை பொத்தானிட்டு. கால்களில் தோட்டத்து ரப்பர் செருப்பு. வலக்கையில் நான் முன்கூடத்து அலமாரியிலிருந்து எடுத்துக்கொடுத்த கண்ணாடித் தம்ளர், சூரியனைச் சிறைபிடித்ததுபோல் மின்னியது. இடக்கையிலோ கல்யாணப் பத்திரிகை. தம்ளரைப் பகைமேல் கவிழ்த்து, சுவருக்கும் தம்ளருக்கும் இடையே அட்டையைச் செருகி, மூடியிட்டதுபோல் தூக்கிச் செல்வதே எங்கள் வீட்டு யுத்த தர்மம். அதற்கு வளையாத பத்திரிகை வேண்டும். அலமாரியிலிருந்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிப் பார்த்து, அவற்றுள் தலைசிறந்ததைத் தேர்ந்தான். இரண்டு பொன்மணிகள் புடைத்தெழ, ஓரமெல்லாம் கொடி படர, ஜெபராஜின் மகள் ஜெபஷீலாவின் திருமண அழைப்பிதழ்.

"ஏன் பாய், என் மக பத்திரிகையா கெடச்சுச்சு?"

"தடிப்பமா இருக்கு ஜெபராசு. நல்ல பிரஸ்லதான் அடிச்சிருக்கீக."

பாராட்டா அவமதிப்பா என்று தீர்மானிக்க முடியாமல், மணியைப் பார்த்து, ஆராதனை தொடங்கியிருக்கும் என்று முணுமுணுத்தும் ஜெபராஜ் நகரவில்லை. யாரால் நகர முடியும்!

முதற்போர். ஸ்டூல் களத்தில் இறக்கப்பட்டது. அதன் நாலு கால்களில் ஒன்று கட்டை. ஏறுபவரை இடமும் வலமும் ஆட்டி, களிற்றின் மேல் ஏறிய உணர்வைத் தருவது. அதன்மேல் தலைவன் மெல்ல எழுந்தான். வைகை அணையின் சுவர்போல் அகன்று, பகைவளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே நின்றான். தம்ளர் உயர்ந்தது. எட்டுக்கண்ணாள் அசையவில்லை. தம்ளர் நெருங்கியது. எட்டுக்கண்ணாள் ஒரேயொரு காலை மட்டும் தூக்கி, மெல்ல, மரியாதைக்காகச் செய்வதுபோல், இறக்கினாள். அவ்வளவில் வீரன் தம்ளரோடு ஸ்டூலிலிருந்து இறங்கி முன்கூடத்தில் இருந்தான். எப்படி இறங்கினான் என்பதை யாரும் பார்க்கவில்லை. நாங்களும் முன்கூடத்தில்தான் இருந்தோம்.

"சாபிரா!" முகத்திரைக்குள்ளிருந்து முழக்கம் எழுந்தது. "காலையில விழுந்துச்சுல்ல என் பிரஷர் மாத்திர, அது எங்கன போச்சுன்னு இப்பத்தான் தெரியுது. அதான் வாயில வச்சிருக்கு. வெள்ளையா, வட்டமா. பாத்தேன்!"

"பூச்சிக்கு என்னாத்துக்குங்க பிரஷர் மாத்திர?"

"நீ போட்ட சத்தத்துல அதுக்கும் ஏறியிருக்கும்."

நான் வேறு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். தலைக்கவசத்தைக் கழற்ற மறுத்து, முகத்திரையை மட்டும் உயர்த்தி விழுங்கினான். ஆனால் போரின் தன்மை அக்கணமே மாறிவிட்டது. அதுவரை அது வழியனுப்பு. இனிமேல் திருட்டுப்போன உடைமையை மீட்கும் நீதிப்போர். மருந்தைக் களவாடிய மாயக்காரியே, நில்! என்னும் சினம் அவன் தோள்களில் ஏறியதை மழைக்கோட்டின் மேலேயே காண முடிந்தது.

இரண்டாம் போர். இம்முறை தம்ளர் தயங்கவில்லை. சுவரில் பட்டென்று கவிழ்ந்தது. உள்ளே பார்த்தால் ஒரு கட்டெறும்பு. சம்பந்தமில்லாத வழிப்போக்கர். எட்டுக்கண்ணாளோ நண்டுபோல் பக்கவாட்டில் பாய்ந்து, மஞ்சள்தூள் டப்பாவைச் சுற்றி, எண்ணெய்த் தூக்கின் மேலேறி, காலண்டருக்குப் பின்னால் மறைந்தாள். தேதித் தாள்கள் சலசலத்தன. தலைவன் மீண்டும் ஸ்டூலேறினான். ஜெபஷீலாவின் பொன்மணிகளைக் காலண்டரின் அடியில் செருகி, கோட்டைக் கதவைத் திறப்பவன்போல் உயர்த்தினான்.

கோட்டைக்குள்ளிருந்து குதிரைப்படை முழுவதும் ஒரே உருவாய் வெளிப்பட்டது! எட்டுக் கால்களும் முப்பத்திரண்டாகத் தெரிய, புழுதியெழும்பிய சூறாவளியென, அறுந்த பட்டத்தின் வாலென, பள்ளிக்கூடம் விட்டதும் தெருவில் பாயும் பிள்ளைகளென அவள் மேல்நோக்கிப் பாய்ந்ததைத்தான் கண்டோம். மாதம் ஒன்று முழுதாகக் கிழிந்து தரையில் பறந்தது. வடிதட்டு விழுந்தது. நான் விழுந்தேன். ஜெபராஜ் தன் இரட்சகரின் பெயரையும் நான் என் இறைவனின் பெயரையும் ஒரே மூச்சில் அழைத்தோம்.

சுவரில் அவள் இல்லை. கூரையில் இல்லை. தலைவன் ஸ்டூலின் மேல் தம்ளரை ஏந்தியபடி, முகத்திரைக்குள் மூச்சு பனிபடர, இடமும் வலமும் ஆடிக்கொண்டு நின்றான்.

"எங்கன போச்சு?"

முபீனா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா, எல்லாரும் என் தலையவே பாக்குறீக? முடி மொளச்சிருச்சா?"

தலைக்கவசத்தின் உச்சியில், வென்ற மன்னர்கள் மகுடத்தில் சூடும் தோகைபோல், எட்டுக் கால்களையும் எட்டுத் திசைக்கும் விரித்து அவள் வீற்றிருந்தாள்.

சொன்னால் குதிப்பான். குதித்தால் அவள் நசுங்குவாள், அல்லது அவன் கால் ஒடியும். சொல்லாவிட்டால் கவசத்தைக் கழற்றுவான். கழற்றினால் அவள் கைமேல் ஏறுவாள். மேலும் கீழும் மரணம் நின்ற அந்தச் சமயத்தில் வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. மதியத்துக்கு வருவதாகச் சொன்னவர் முற்பகலிலேயே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும் ஓசை. முன்கூடத்தைக் கடக்கும் ஓசை. அடுக்களை வாசலில், கையில் கொய்யாப் பையோடு, நசீம் பானு நின்றார். தரையில் கிழிந்த ஆனி மாதம், கவிழ்ந்த வடிதட்டு, சுவரோரம் உட்கார்ந்திருக்கும் நான், கும்பிட்ட கையோடு ஜெபராஜ், ஸ்டூலின் மேல் மழைக்கோட்டணிந்த தம்பி, தம்பியின் தலையில் மகுடம். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று ரம்ஜானுக்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசிய முதல் சொற்கள் இவையே:

"கலீலு. அசையாத."

"அக்காவா?"

"அசையாதங்கிறேன்ல."

"அக்கா, நான் அதக் கொல்லலக்கா. தொடக்கூட இல்ல. வேணும்னா இவுககிட்டக் கேட்டுப் பாரு…"

"வாயக்கூட அசைக்காத."

கலீல் ரஹ்மான், யானைக்கு ஒதுங்காதவன், கல்லாய்ச் சமைந்தான். அக்காள் கொய்யாப் பையை என் மடியில் வைத்தார். தாவணி கட்டிய காலத்திலிருந்து பழகிய கையை நீட்டினார். விரல் நுனியால் கவசத்தை இரண்டு தட்டுத் தட்டினார். எட்டுக்கண்ணாள் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். பிறகு மற்றொன்று. பிறகு, விருந்துக்கு வந்தவர் படியேறுவதுபோல் நிதானமாக, உள்ளங்கையில் ஏறி அமர்ந்தாள்.

"அக்கா, அது வாயில என் மாத்திர இருக்கு பாரு."

அக்காள் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரையா? முட்டைடா அது, கூறுகெட்டவனே. பொதியாக் கட்டி வயித்தடியில தூக்கிட்டுத் திரியுறா. பிள்ளத்தாச்சி. இது பொரியிற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது அவளுக்கு. நோம்பு. பிள்ளத்தாச்சிய வெளிய தள்ளத்தான் ஹெல்மெட்டு மாட்டிட்டு நிக்கிறியா?"

நீதிப்போர் அவ்விடத்திலேயே முடிந்தது. முகத்திரை உயர்ந்தது. உள்ளே, வேர்த்து வழிந்த முகத்தில், தோட்டத்தில் கொய்யா திருடி அகப்பட்ட வயதின் முழி. அக்காள் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். உதட்டைக் கடித்தார். கை ஆடக் கூடாதே என்று தோளை இறுக்கினார். முடியவில்லை. சிலந்தியை ஏந்திய கையைத் தூர நீட்டிக்கொண்டே, மறுகையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். ஸ்டூலும் சேர்ந்து ஆடியது.

"என் பந்தல்ல மஞ்ச வரிக்காரி வந்து ஒக்காந்திருக்கா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒண்ணு இல்ல, வரிசையா இருக்காக. அதப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"எல்லையில இருக்கிற கொடிக்கெல்லாம் மருந்தடிக்கிறத நிறுத்திட்டேன்க்கா."

"தெரியும். நீ சொல்லணும்னு இல்ல. காத்துல வாசம் இல்லையே."

"இங்கன ஒருத்தன் பூச்சிமருந்துக் கட வச்சிருக்கேன்," என்றார் ஜெபராஜ். "கொஞ்சம் மறச்சுப் பேசுங்க."

வெற்றி யாருக்கு? எட்டுக்கண்ணாள் காலண்டருக்கு ஒரு சாண் மேலே, புறப்பட்ட இடத்திலேயே, சகல மரியாதைகளோடு திரும்ப அமர்த்தப்பட்டாள். பட்டத்தரசியின் பிரகடனம் காற்றில் பறந்தது. நான் எதிர்ப்புத் தெரிவித்தேன். அதற்குத் தலைவன் ஸ்டூலிலிருந்து இறங்கு முன் தன் கடைசிப் பிரகடனத்தை முழங்கினான்:

"நீ பயப்படாத சாபிரா. குஞ்சு பொரிக்கட்டும். பொரிச்சதும் ஒண்ணு விடாம இதே தம்ளர்ல புடிச்சு, தோட்டத்துல கொண்டுபோய் விட்டுட்டு வாரேன். நானே போறேன். வேற யாரையும் விட மாட்டேன்."

மதினி எனக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவில் ஒரு மதிலாக நின்றார். அவருடைய முதுகின் மறைவில் அடுப்புப் பற்றியது. கத்திரிக்காய் தால்ச்சாவும் நெய்ச்சோறும் இறங்கின. ஆராதனையைத் தவறவிட்ட ஜெபராஜும் இலை போட்டு உட்கார்ந்தார். அக்காளும் தம்பியும் மட்டும் எங்கள் வழக்கப்படி ஒரே சஹன் தட்டில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டின் நடுவிலிருந்த கறித்துண்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினார்கள். கடைசிவரை யாரும் எடுக்கவில்லை. முபீனா எடுத்தாள். தால்ச்சாவில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று மதினி சொன்னார். மூன்று வருஷம் கழித்து அவர் வாயால் அதைக் கேட்க எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

சாப்பிட்டு, கை கழுவி, "கொஞ்சம் சாய்றேன்" என்று அவர் போனார்.

கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா மாதங்களில் நான் வெளியே போகக் கூடாது. சுவரிலிருந்த அதுவும் போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கூடத்தில் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். அடுக்களையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கிழக்குச் சுவரோடு ஒட்டி நடப்பேன். ஒருநாள் காலையில் மேற்குச் சுவர் முழுக்கக் கடுகு சிதறியதுபோல் இருந்தது. கடுகு நடந்தது. கத்தினேன். முன்கூடம் வரைக்கும் ஓடி, அவர் பெயரைச் சொல்லாமல் எப்போதும் கூப்பிடுவதுபோல் "என்னாங்க" என்று கூப்பிட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்தேன். மதினி உத்தமபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அந்தத் தம்ளரிலும் ஜெபஷீலாவின் பத்திரிகையிலுமாக முடிந்தவரை அள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

வாழ்க, ஆகவே, கலீல் ரஹ்மான்! மழைக்கோட்டணிந்த மாவீரன், மகுடத்தில் பகையைச் சுமந்தும் பகையின் உயிரைக் காத்தோன், அக்காளின் சிரிப்பை வென்று மீட்ட அதிரதன்! அவன் அடைக்கலம் தந்த குலம் பல்கிப் பெருகட்டும்! கிழக்குப் பந்தலில் வரிக்காரிகள் பெருக்கல் குறியிட்டுக் கொலுவிருக்கட்டும்! மேற்குப் பந்தலிலும் எல்லைத் தூண் தாண்டி அவர்கள் வலை விரித்துவிட்டதாக முபீனா வந்து சொல்கிறாள், விரியட்டும்! அள்ளப்படாமல் தப்பிய கடுகுகளில் ஒன்று வளர்ந்து, உள்ளங்கை அகலமாகி, ஊறிய புளியின் நிறமாகி, இவ்வருடத்துக் காலண்டருக்கு ஒரு சாண் மேலே எட்டுத் திசைக்கும் காவல் வைத்து, இதை நான் எழுதும் இந்நேரத்திலும் என்னையே உற்று நோக்கிக்கொண்டிருக்கிறது, நோக்கட்டும்!

எனக்குச் சிலந்தி என்றால் இன்னும் பயம்தான்.